பேர் சொல்லாத கேள்வி

பிஷ்கேக், மாணவியர் விடுதி
அக்டோபர் 3

குந்துஸ்,

இதைக் கிழித்துப் போடுவதென்று முடிவு செய்திருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. கல்யாணத்துக்கு வராதவள், அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசாதவள், இப்போது எந்த முகத்தோடு எழுதுகிறாள் என்று கேட்பாய். காரியம் இருப்பதால் எழுதுகிறேன். வேறு காரணம் சொன்னால் நீ நம்பவும் மாட்டாய்.

போனில் சொல்லலாம். ஆனால் உங்கள் ஊரில் மேட்டில் ஏறினால்தான் சிக்னல் என்று உன் தம்பி சொன்னான். வீட்டுக்குள் கிடைத்தாலும் புது மருமகள் பேசும் போனுக்கு நாலு காது இருக்கும். அதனால் இதை உங்கள் ஊர்ப் பக்கம் டாக்ஸி ஓட்டும் அண்ணன் சபிர் பைகே கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

விஷயம் இதுதான். வசந்தத்தில் அல்மாட்டியில் மாணவர் ஆய்வு மாநாடு நடக்கிறது. நம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து செய்யும் ஒரே ஓர் ஆய்வுதான் போகும். பொருள், அரசியல் விளம்பரம். நவம்பர் இருபதுக்குள் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், நம் ஆசிரியை ராகத் எஜே தேர்ந்தெடுப்பார். பையன்கள் எல்லோரும் டிவி விளம்பரத்தை எடுத்துக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நகரத்தில் மிச்சமிருக்கும் தேர்தல் பேனர்களை எல்லாம் நடந்தே போய்ப் படம் எடுத்தேன். எத்தனை பேர் குதிரையோடு நிற்கிறார்கள், எத்தனை பேர் தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, எத்தனை பேர் கையில் குழந்தை. ராகத் எஜே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "மேரிம், இதெல்லாம் சுவத்துல என்ன இருக்குன்னு சொல்லுது. பாத்தவன் மண்டையில என்ன இருக்குன்னு யாரு சொல்லுவா?"

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. இரண்டாம் ஆண்டில் சந்தைக்குப் போய் ஆட்களிடம் பேசிக் கேட்டு எழுதச் சொன்னபோது நான் வாய் திறக்காமல் நின்றேன். நீ வெங்காயக்காரியிடம் அவள் மாமியார் கதை வரை வாங்கி வந்தாய். நீ ஓராண்டு விடுப்பில்தான் போயிருக்கிறாய், பதிவேட்டில் உன் பெயரை இன்னும் அடிக்கவில்லை. என்னோடு சேர்கிறாயா?

மேரிம்


ஜேர்-புலாக்
அக்டோபர் 12

மேரிம்,

கிழிக்கவில்லை. அடுப்பு பற்றவைக்க வேறு காகிதம் இருந்தது.

கல்யாணத்தன்று உனக்காக என் பக்கத்தில் ஓர் இடம் வைத்திருந்தேன். கடைசியில் மக்சாத்தின் பெரியம்மா வந்து உட்கார்ந்து, என் தட்டிலிருந்த போர்சோக் ரொட்டித் துண்டுகளையெல்லாம் தின்றுவிட்டுப் போனார். அதை நான் மறக்கவில்லை.

ஆய்வெல்லாம் எனக்கு இப்போது ஆகாது. காலையில் மூன்று மாடு கறக்க வேண்டும். மக்சாத் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறார், பாதி மாதம் மலை மேல்தான். நான், மாமியார், மாமனார் மூவரும் வீட்டில். நன்றாகத்தான் இருக்கிறேன். அல்மாட்டிக்கு வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போ. உன் பேனர் படங்கள் நன்றாகத்தான் இருக்கும்.

குந்துஸ்

பின்குறிப்பு. உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்தேன். உன் படங்களைப் பற்றி யோசித்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். மேரிம், நீ நகரத்துச் சுவரில் தேடுகிறாய். தேர்தல் முடிந்த மறுநாள் பேனரெல்லாம் எங்கே போகும் என்று யோசித்திருக்கிறாயா? இங்கே வந்து பார். மழை ஒழுகாத நல்ல துணி, பெரிய துணி, இனாம். கோழிக்கூட்டின் மேல் ஒரு வேட்பாளர். நிலக்கரிக் குவியலின் மேல் இன்னொருவர். பக்கத்து வீட்டு அக்கா குல்பாரா எஜேயின் குளியலறைக்குக் கதவே அதுதான், உள்ளே போகும்போது ஒருவரின் நெற்றியை ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். ஊரில் பாதிப் புல் போர்களின் மேல் ஒரே முகம் சிரிக்கிறது.

அந்த முகம் யாருடையது என்றால், எங்கள் வீட்டுப் பெரியவருடையது. ஊர்ச் சபைத் தேர்தலில் நின்றார். பெரிய மகனின் நண்பன் அச்சகம் வைத்திருக்கிறான். இந்தச் சின்ன ஊருக்கு நாடாளுமன்றத்துக்கு நிற்பவர் மாதிரி பேனர் அடித்துக் கொடுத்துவிட்டான். சாலை நெடுக வைத்தார்கள். ஊரே பார்த்தது, ஊரே பாராட்டியது, அப்புறம் யாரும் ஓட்டுப் போடவில்லை. வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டுப் போரில் மட்டும் முகம் உள்பக்கம் திருப்பிப் போர்த்தியிருக்கிறது.

சரி, இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றே தெரியவில்லை.


பிஷ்கேக்
அக்டோபர் 16

அடி குந்துஸ்!

உன் கடிதத்தை டிராலி பஸ்ஸில் படித்தேன். பின்குறிப்புக்கு வந்ததும் கத்திவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மா, "யாரும்மா செத்துட்டாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரும் சாகல அபா, ஒரு ஆராய்ச்சி பொறந்திருக்கு" என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

உனக்குப் புரிகிறதா நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று? எல்லோரும் தேர்தலுக்கு முந்தைய விளம்பரத்தைத்தான் ஆராய்கிறார்கள். தேர்தலுக்குப் பிறகு அந்த விளம்பரம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது! தினமும் அதன் அடியிலிருந்து புல் எடுக்கிறார்கள்! பேனர் வைத்திருக்கும் வீடு, இல்லாத வீடு, இரண்டிலும் ஒரே கேள்வி கேட்போம். யாருக்கு என்ன நினைவிருக்கிறது? முகமா, பெயரா, வாக்குறுதியா? தினமும் பார்க்கும் முகத்தின் மேல் அடுத்த முறை பிரியம் வருமா, எரிச்சல் வருமா?

இரவெல்லாம் தூக்கமில்லை. கேள்விகள் எழுதிவிட்டேன். கல்யாணப் பத்திரிகையில் உன் மாமனார் பெயர் இருந்தது, அதைப் பார்த்து எழுதினேன்.

ஒன்று, தாஷ்போலோத் ஷாபிரோவின் விளம்பரம் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

இரண்டு, அதில் என்ன எழுதியிருந்தது? (உன் தம்பியிடம் கேட்டேன், "பேரில் கல், சொல்லில் எஃகு" என்றான். தாஷ் கல், போலோத் எஃகு! யார் யோசித்தது இதை?)

மூன்று, அதைப் பார்த்து உங்கள் ஓட்டு மாறியதா?

அக்கம்பக்கத்தில் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார். கேள்வி வேலை செய்கிறதா என்று தெரிந்தால் போதும். மாடு கறந்த பிறகு கேள். கறக்கும்போதே கேட்டாலும் சரி.

கல்யாண விஷயத்தை அப்புறம் பேசுவோம். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதலில் கேள்!

மேரிம்


ஜேர்-புலாக்
அக்டோபர் 27

மேரிம்,

உனக்கு மூளை இருக்கிறதா? நான் இந்த வீட்டு மருமகள். மாமனார் பெயரை நான் எப்படிச் சொல்வேன்? சொல்வதிருக்கட்டும், எழுதக்கூட கை வரவில்லை. அந்தப் பெயருக்குள் இருக்கும் முதல் பொருளை, வழியில் கிடக்கும், காலில் இடிக்கும் அதை, நான் கல்யாணமானதிலிருந்து "கெட்டி" என்றுதான் சொல்கிறேன். நேற்று மாமியாரிடம், "பருப்புல கெட்டி கெடந்துச்சு அபா" என்றேன்.

இந்த லட்சணத்தில் உன் முதல் கேள்வியை எடுத்துக்கொண்டு குல்பாரா எஜே வீட்டுக்குப் போனேன்.

"எஜே, ஒரு விளம்பரம் ஞாபகம் இருக்கா?"

"எந்த விளம்பரம்?"

"அதான், எங்க வீட்டுப் பெரியவரோட..."

"எந்தப் பெரியவர்? உங்க வீட்டுல பூனை கூடப் பெரிசுதான். பேரைச் சொல்லேன் பாப்போம்!"

"சொல்ல மாட்டேன்னு தெரியுமில்ல எஜே."

"அப்ப அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னாவது சொல்லு."

"பேரில் அது... சொல்லில் இன்னொண்ணு..."

குல்பாரா எஜே மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார். "ஓட்டுக் கேக்க வந்தவங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்டி. வேட்பாளர் பேரே சொல்லாம பிரசாரம் பண்றவ நீ ஒருத்திதான்!"

வெட்கமாகப் போயிற்று. எழுந்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு என்னவோ தோன்றி, வேறு மாதிரி கேட்டேன். "சரி எஜே, போன தேர்தல்ல பாத்ததுல எந்த முகம் ஞாபகம் இருக்கு?" அவ்வளவுதான். பெயர் இல்லை, வாசகம் இல்லை.

மேரிம், அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்! நிஜமாகவே யோசித்தார். குளியலறைக் கதவில் தொங்குகிறவர் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. தினமும் நெற்றியைத் தொட்டுத் தள்ளுகிறார், பெயர் தெரியாது. நினைவிருப்பது வேறு ஒருவர், பேனரே வைக்காதவர். "அந்த ஆளு வீட்டுக்கு வந்து ரெண்டு கிண்ணம் டீ குடிச்சான். மூணாவது கேட்டான். அதனாலதான் ஞாபகம்" என்றார். வென்றவர் அவர்தான்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று போய்விட்டேன். கோழிக்கூட்டுக்காரர், "ரொம்ப நல்ல மனுஷன். ஒரு சொட்டு ஒழுகல" என்றார். முகத்தைப் பற்றிக் கேட்டால் துணியைப் பற்றிச் சொல்கிறார்! இன்னொரு அம்மா, "எனக்குப் பல்லுதான் ஞாபகம். அவ்வளவு வெள்ளையா நம்ம ஊருல யாருக்குப் பல்லு இருக்கு? அதைப் பாத்தே பயந்துட்டேன், இவன் நம்மாளு இல்லன்னு" என்றார். அது எங்கள் வீட்டுப் பெரியவரின் பல். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாடு கறக்க நேரமாகிவிட்டது. மாமியார் முறைத்தார். பரவாயில்லை.

இன்னும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். மூன்றாவது கேள்வியை மாற்று. "ஓட்டு மாறியதா" என்றால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். ஒரு துணிக்காக மனம் மாறினேன் என்று எவன் ஒப்புக்கொள்வான்?

குந்துஸ்


பிஷ்கேக்
நவம்பர் 2

குந்துஸ், என் தங்கமே,

உன் கடிதத்தை ராகத் எஜேயிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அசந்துவிட்டார் என்று அர்த்தம், உனக்குத் தெரியும்.

"மேரிம், உன் கேள்வி பதிலைக் கையில கொடுத்துட்டுத் திரும்ப வாங்கிக்குது. பேரைச் சொன்னா எவனும் 'ஆமா, ஞாபகம் இருக்கு'ன்னுதான் சொல்லுவான். அந்தப் பொண்ணு பேரைச் சொல்ல முடியாம கேட்டாளே, அதுதான் கேள்வி. அவளைக் கூட்டிட்டு வா."

அவளைக் கூட்டிட்டு வா! கேட்டாயா? உன் மருமகள் வழக்கம் ஒரு ஆய்வு முறையாகிவிட்டது. இனி எல்லா ஊரிலும் பேர் சொல்லாமல்தான் கேட்கப் போகிறோம். முகங்களை மட்டும் வெட்டி அட்டையில் ஒட்டி எடுத்துப் போகலாம் என்று யோசிக்கிறேன். உன் மூன்றாவது கேள்வித் திருத்தமும் சரி. "பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டு மாறியிருக்குமா?" என்று கேட்டால் உண்மை வரும் என்கிறார் எஜே.

இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, உன் மாமனாருக்குத் தெரிய வேண்டும். "அந்த மனுஷன் வீட்டு ரொட்டியைத் தின்னுக்கிட்டே, அவருக்குத் தெரியாம அவர் முகத்தைப் பத்தி ஊரெல்லாம் விசாரிக்கிறது ஆராய்ச்சி இல்ல" என்றார். இரண்டாவது, மாநாட்டுக்குப் போக வேண்டுமானால் பிப்ரவரியில் நீ வகுப்பில் இருக்க வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வந்துவிடு. விடுதியில் என் அறையில் ஒரு கட்டில் காலி. எத்தனை நாள் அந்த வீட்டில் ஒளிந்து ஒளிந்து எழுதிக்கொண்டு, "கெட்டி" என்றும் "அது" என்றும் பேசிக்கொண்டு கிடப்பாய்? நீ அதற்குப் பிறந்தவள் இல்லை. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

மேரிம்


ஜேர்-புலாக்
நவம்பர் 6

மேரிம்,

நான் ஒளிந்து எழுதவில்லை. சமையலறை மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். மாமியார் எதிரில் உட்கார்ந்து குர்த் தயிர் உருண்டைகளை உருட்டுகிறார். யாருக்கு என்று கேட்டார். சிநேகிதிக்கு என்றேன். இனி அதைச் சொல்வேனா தெரியவில்லை.

மக்சாத்தை நான்தான் விரும்பிக் கட்டிக்கொண்டேன். சில பெண்களைப் போல என்னை யாரும் கடத்திக்கொண்டு வந்து கட்டவில்லை. பேர் சொல்லாத வழக்கத்தை நினைத்து நான் சிரிக்கிறேன், குல்பாரா எஜே சிரிக்கிறார். நீ மட்டும் அதைப் பார்த்து அழுகிறாய்.

பெரியவரிடம் நான் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது. குல்பாரா எஜே கடை வாசலில் வைத்து, "பைகே, உங்க மருமக உங்க பல்லைப் பத்தி ஊரெல்லாம் கேட்டுட்டுத் திரியறா!" என்று சொல்லிவிட்டார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். மாமனார் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். பாதியில் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். மாமியார் என்னைப் பார்க்கவில்லை. பெரியவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தோற்றதிலிருந்து அவர் ஊர்க்கூட்டத்துக்கே போவதில்லை. இப்போது நான் அதை மறுபடி கிளறிவிட்டேன். என் பெயரை எடுத்துவிடு.

குந்துஸ்


பிஷ்கேக்
நவம்பர் 10

குந்துஸ்,

நான் ஒரு கழுதை. இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், உன் மாமியாருக்கும் வாசித்துக் காட்டு.

திட்டத்திலிருந்து ஜேர்-புலாக்கை எடுத்துவிட்டேன். உங்கள் ஊர், உங்கள் வீடு, உங்கள் பேனர், எதுவும் இல்லை. டிராலி பஸ் பக்கவாட்டு விளம்பரம் என்று வேறு எழுதிக்கொண்டிருக்கிறேன். சோறு மாதிரி இருக்கிறது, உப்பில்லாத சோறு. பரவாயில்லை. பேர் சொல்லாமல் கேட்கும் முறையை மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதை உருவாக்கியவள் நீ என்று எழுதியிருக்கிறேன். அதையும் எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன்.

நீ அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். உன் கடிதங்களைத் திரும்பப் படித்தேன். மாட்டிக்கொண்டவள் எழுதும் கடிதமா அது? என்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறவள் எழுதியது. அது எனக்கு உறைக்கவில்லை.

திட்டத்தை இருபதாம் தேதி கொடுக்கிறேன். பதில் எழுத வேண்டாம். எழுதினால் சந்தோஷம்.

மேரிம்


ஜேர்-புலாக்
நவம்பர் 15

மேரிம்! மேரிம்!

டிராலி பஸ்ஸைக் குப்பையில் போடு! இருபதாம் தேதிக்குள் பழைய திட்டத்தை எழுது. சபிர் பைகே காலையில் கிளம்புகிறார், வேகமாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே.

முந்தாநாள் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தேன். மாமனார் வந்து வாசலில் நின்றார். நான் எழுந்தேன்.

"உக்காரும்மா, மாடு மிரளும்" என்றார். கொஞ்ச நேரம் மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "கேட்டியாமே. என்ன சொன்னாங்க?"

நான் மறுபடி கறக்க உட்கார்ந்தேன்.

"சொல்லும்மா. தேர்தலுக்கு முன்னாடி எல்லாரும் போட்டோ பிரமாதம்னாங்க. அப்புறம் தோத்துட்டேன். ஏன் தோத்தேன்னு ஒருத்தன் சொல்லல. பாவம்னு நெனச்சுப் பேசாம இருக்கானுங்க. பொண்டாட்டி பேசல, புள்ளைங்க பேசல. இந்த ஊருல கேள்வின்னு ஒண்ணு கேட்டது நீ மட்டும்தான். என்ன சொன்னாங்க?"

சொன்னேன், மேரிம். எல்லாவற்றையும். துணி ஒழுகாதது, மூன்றாவது கிண்ணம் டீ. கடைசியாகப் பல்.

"பல்லா?"

"ரொம்ப வெள்ளையா இருந்துச்சாம் அத்தா. நம்மாளு இல்லன்னு நெனச்சாங்களாம்."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்து காட்டினார், மேலே இரண்டு பல் தங்கம், பக்கத்தில் ஒன்று இல்லை. "அந்தப் பல்லு என்னோடதே இல்லம்மா! அச்சகத்துப் பய கம்ப்யூட்டர்ல ஒட்டினான். வேணாம்டான்னேன், நாடாளுமன்றத்துக்காரன் எல்லாம் இப்படித்தான்னான்!" தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமியார் ஓடி வந்தார், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று. அவரும் சிரித்தார். மாடு பால் சட்டியை உதைத்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை.

பிறகு நிதானமாகக் கேட்டார். "அந்தப் பேனரைப் பாத்து எவனாவது ஓட்டுப் போட்டானா?"

"இன்னும் யாரும் சொல்லல அத்தா. நான் கேட்டது கொஞ்சம் பேருதான்."

"அப்ப மிச்சத்தையும் கேளு. பக்கத்து ஊருலயும் வெச்சோமே. நான் வண்டில கூட்டிட்டுப் போறேன். பேரு சொல்ல முடியலன்னு கஷ்டப்பட்டியாமே? ஆராய்ச்சிக்காகச் சொல்லிக்கோ. நான் உத்தரவு கொடுக்கறேன்."

"வேணாம் அத்தா. சொல்லாம கேட்டாத்தான் சரியா வருது."

இதற்கு அவர் என்ன நினைத்தாரோ, மாமியார் பக்கம் திரும்பி, "பாத்தியா, பிஷ்கேக்ல படிச்ச புள்ள" என்றார்.

பிப்ரவரி விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன், சூட்டோடு சூடாக. மக்சாத்திடம் மேட்டில் ஏறிப் போய்ப் பேசினேன், அதோடு போனில் காசு தீர்ந்துவிட்டது. "நான் மலை மேல இருக்கற பாதி மாசம் நீ இங்க இருந்து என்னத்தைப் பாக்கற? போ" என்றார். மாமியார்தான், "அப்ப மாடு யாரு கறப்பா?" என்று நின்றார்.

"நான் கறக்கறேன்" என்றார் மாமனார்.

இந்த ஊரில் ஓர் ஆம்பளை பால் கறப்பதா! மாமியார் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. இன்று காலை பழகிப் பார்த்தார். சட்டியில் பாதி, சட்டையில் பாதி. ஆனால் மாடு உதைக்கவில்லை.

எழுது, எழுது, எழுது! என் பெயரையும் சேர்!

குந்துஸ்


பிஷ்கேக்
நவம்பர் 21

குந்துஸ்!

தேர்வாகிவிட்டோம்!!

சபிர் பைகே டயர் பஞ்சராகித் தாமதமாக வந்தார். கடைசி நாளுக்கு முந்தின நாள் உட்கார்ந்து முழுக்கத் திரும்ப எழுதினேன். ராகத் எஜே வகுப்பில் எழுந்து நின்று நம் திட்டத்தை வாசித்தார். டிவி விளம்பரப் பையன்கள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருவன் கேட்டான், "விளம்பரத்தால ஒரு ஓட்டும் வரலன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?" எஜே, "அதையும் எழுதுவாங்க. அதுக்குப் பேருதான் ஆராய்ச்சி" என்றார்.

உன் மாமனாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அவர் முகத்தை அட்டையில் பயன்படுத்த. அவருடைய நிஜப் பல்லோடு ஒரு படமும் வேண்டும். ஒரே ஆள், இரண்டு பல் வரிசை, எதை நம்புகிறார்கள் என்று பார்க்கலாம். யோசித்துப் பார்! இதை உலகத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்! செய்திருந்தாலும் தங்கப் பல்லோடு செய்திருக்க மாட்டார்கள்!

அட்டைகளோடு நானே வருகிறேன். டிசம்பர் முதல் சனிக்கிழமை. எனக்கு எங்கே படுக்கை போடுவாய்?

மேரிம்


ஜேர்-புலாக்
நவம்பர் 27

மேரிம்,

அடுப்புக்குப் பக்கத்தில் போடுகிறேன். மாமியார் உனக்காகப் போர்வை உதறி வைத்துவிட்டார்.

நீ வரும்வரை பொறுக்க முடியாமல் நேற்று நாங்கள் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிட்டோம். பக்கத்து ஊரான கும்-பெல்லுக்கு மாமனார் வண்டியில் போனோம். ஊர் எல்லையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். "நான் கூட வந்தா யாரு உண்மை சொல்லுவா? இங்கயே இருக்கேன்" என்றார். சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.

ஆறு வீடு ஏறி இறங்கினேன். வழக்கம் போலத்தான். துணி, டீ, துணி. ஏழாவது வீட்டில் ஒரு பெண், என்னைவிடச் சின்னவள், முதல் முறை ஓட்டுப் போட்டவள். பெயர் ஜிபெக். கம்பளம் உதறிக்கொண்டிருந்தாள். எந்த முகம் ஞாபகம் என்று கேட்டேன்.

"முகமெல்லாம் தெரியாது. பின்னாடி இருந்த மலை ஞாபகம் இருக்கு" என்றாள்.

"எந்த மலை?"

"அதோ" என்று கையை நீட்டினாள். அவர்கள் வீட்டுக்கு நேர் பின்னால் நிற்கும் அந்தக் கூன் முதுகு மலை. "மத்தவங்க எல்லாம் எங்கயோ இருக்கற அழகான பனிமலையைப் போட்டிருந்தாங்க. ஒருத்தர் மட்டும் எங்க மலையைப் போட்டிருந்தாரு. நாங்க ஆடு மேய்க்கற மலை. யாரோ எங்களைப் பாத்திருக்காங்கன்னு தோணுச்சு. அவருக்குத்தான் போட்டேன். தோத்துட்டாராமே?"

பெயர் கூட அவளுக்குத் தெரியவில்லை, மேரிம். நானும் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

வண்டிக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மலை மட்டும் நான் சொன்னது" என்றார் மெதுவாக. "மிச்சமெல்லாம் அந்தப் பய இஷ்டம். மலை மட்டும் இதுதான் வேணும்னு சண்டை போட்டேன்."

வண்டியைக் கிளப்பவில்லை. என் நோட்டைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க ஆராய்ச்சிக்கு ஒண்ணு போதுமாம்மா?"

"போதாது அத்தா."

"அப்ப நாளைக்கு எந்த ஊருக்குப் போறோம்?"

குந்துஸ்